நூற்றுக்கு அறுபது

எங்கள் தெருவில் அவரிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு, அந்தக் கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று யோசிப்பார். "நாலரைங்க. நம்பிக்கை ஜாஸ்திதான். ஆனா பேட்டரி மாத்தினதுலேர்ந்து இன்னும் சரிபாக்கல" என்பார். கேட்டவருக்கு அதற்குள் பஸ் போயிருக்கும்.

மழை வருமா என்றாலும் அப்படித்தான். இந்தக் கடையில் தோசை நன்றாக இருக்குமா என்றாலும் அப்படித்தான். "இருக்கும். நம்பிக்கை கம்மி. ரெண்டு தடவதான் சாப்ட்ருக்கேன்." தெருவில் அவருக்குச் 'சதவீதம் சார்' என்று பெயர். அவருக்கு அது தெரியும். கோபம் கிடையாது. "சாருன்னு சேத்துதான் சொல்றாங்க" என்பார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் முளைத்த புது மனைப்பிரிவில் அவர் வீடு எனக்கு எதிர்வீடு. இப்போது அதில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுத் தொலைக்காட்சியை நான் என் வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். நான் கலெக்டர் ஆபீசில் கோப்பு தள்ளுகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். எது அதிகச் சிரிப்பை வரவழைத்தது என்பதில் என் மேலதிகாரிக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மனைவிக்குச் சென்னையில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு நாங்கள் கணவன் மனைவி. மற்ற நாட்களில் நான் ஒரு ரைஸ் குக்கரோடு குடித்தனம் செய்கிறேன்.

தனி ஆளாகச் சமைக்கிறவனுக்கு உலகம் இழைக்கும் பெரிய அநீதி முட்டைகோஸ். அரை முட்டைகோஸ் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். முழுசாக வாங்கினால் வாரம் முழுக்க அதே பொரியல். ஒரு சாயங்காலம் காய்கறிக்கடையில் அவரும் நானும் ஆளுக்கொரு முட்டைகோஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றோம். அவர்தான் சொன்னார்: "சார், நீங்க ஒண்ணு வாங்குங்க. நான் பாதிக்கு வர்றேன்." எங்கள் நட்பு அந்த முட்டைகோஸ் வெட்டுப்பட்ட இடத்தில் தொடங்கியது.

"மாட்டு டாக்டர்னாங்களே?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"டாக்டர்லாம் இல்லீங்க. நான் காளை பொறுக்கறவன்."

ஆஸ்திரேலியாவில் முப்பது வருடம் அதுதான் வேலை. பாலுக்கான மாடில்லை, உழவுக்கான மாடில்லை; இறைச்சிக்காக வளர்க்கிற மாடு. ஆயிரக்கணக்கான பசுக்களுக்கு எந்தெந்தக் காளை தகப்பனாக இருக்கலாம் என்று முடிவுசெய்கிற அறையில் ஒரு நாற்காலி அவருடையது. கன்று பிறக்கும்போது என்ன எடை. பால் மறக்கும்போது என்ன எடை. வளர்ந்தபிறகு முதுகில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு. கூண்டைத் திறந்துவிட்டால் நிதானமாக நடந்து போகிறதா, பிய்த்துக்கொண்டு ஓடுகிறதா என்பதைக்கூட அளப்பார்களாம். குணம் அதில் தெரிந்துவிடுமாம். வால் மயிரில் நாலைந்தை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அப்பன், ஆத்தாள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், எல்லோருடைய கணக்கும் சேரும். கடைசியில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு மதிப்பெண் வரும். அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும்: இந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்.

"ரெண்டாவது நம்பர் இல்லாம மொத நம்பர சொன்னா அது பொய்யிங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"காளைய நேர்ல போய்ப் பாப்பீங்களா?"

"பாக்க மாட்டேன். பாத்தா மனசு மாறிடும்."

ஒரு முறை பார்த்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பண்ணைக்குப் போன இடத்தில் ஒரு காளை. கறுப்பு, பளபளப்பு, ராஜா மாதிரி நடை. கணக்கு வேண்டாம் என்றது, கண் வேண்டும் என்றது. கண் ஜெயித்தது. அதற்குப் பிறந்த கன்றுகளெல்லாம் அப்பனைப் போலவே பெரிய உடம்பு. முதல் ஈற்றுக் கிடாரிகளால் தாங்க முடியவில்லை. எத்தனை தாய் செத்தது என்று அவர் சொல்லவில்லை. "அதோட கண்ண நம்பறத உட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லி, முட்டைகோஸ் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவரோடு பேசுவதில் எனக்கொரு லாபம் இருந்தது. என்னைவிட இளையவர் ஒருவருக்கு ஏதோ விருது கிடைத்த அன்று அவரிடம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டார். "ஒரே கொட்டாய், ஒரே தீனி, ஒரே மழைய பாத்த கன்னுங்களத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும் சார். அவரு வேற தீனி. உங்க செக்‌ஷன்ல கட்டுரை எழுதறவரு வேற யாருனா இருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட்."

என் இலக்கிய வாழ்க்கையில் கிடைத்த ஒரே முதல் பரிசு அது. நம்பிக்கை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை.

மனைவி இறந்த பிறகு அங்கே அவருக்கு ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. இங்கே அண்ணன் இருந்தார், அடி அண்ணாமலையில், கொஞ்சம் நிலமும் நாலைந்து நாட்டு மாடுகளுமாக. அண்ணனைவிட அண்ணி முக்கியம். அவர் வெளிநாடு போகுமுன் இரண்டு வருடம் அந்த அம்மாள் கையால்தான் சாப்பிட்டிருக்கிறார். வேங்கிக்காலில் வீடு வாங்கியதுகூட ஒரு ஒத்திகைதான். அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாமா என்று நேரே கேட்க அவருக்கு நாக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, அவர்களே கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி போன் செய்வார்: "தம்பி, வந்துடுங்க." நம்மூர்ப் போக்குவரத்தில் வண்டி ஓட்ட அவருக்குப் பயம். ஆகவே, நான் ஊரில் தனியாக இருக்கிற ஞாயிறுகளில் என் ஸ்கூட்டர். ஆகவே எனக்கும் ஒரு இலை. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டம் இருக்கும் ஞாயிறுகளில் மட்டும் போக முடியாது. அன்றைக்கு இருவரும் நிலாவைத் திட்டிக்கொண்டே ரைஸ் குக்கரைப் போடுவோம்.

அந்த வீட்டில் இரண்டு காளைக்கன்றுகள் வளர்ந்து நின்றன. ஒன்றை ஊர்ப் பசுக்களுக்குப் பொலிகாளையாக வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தைக்கு அனுப்புவதாகப் பேச்சு. அண்ணி, நெற்றியில் அழகாகச் சுழி விழுந்த வெள்ளைக் கன்றின் கட்சி. மற்றது செவலை, முதுகில் ஆகாத இடத்தில் சுழி.

"நீங்க சொல்லுங்க தம்பி. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் அண்ணி.

"பொறந்தப்ப எட எவ்ளோ அண்ணி?"

"பொறந்தப்ப சந்தோசப்பட்டோம். எடலாம் போடல."

சரி, இப்போதாவது போடலாம் என்று இரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, நெல் மூட்டை லாரிகள் நிற்கிற எடைமேடைக்குக் கொண்டுபோனோம். வெள்ளையை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை, செவலையை ஏற்றி ஒரு முறை. லாரிக்கென்று செய்த மேடை. இரண்டு கன்றுக்கும் ஒரே எடை காட்டியது. ஆளில்லாமல் ஒரு முறை, டிரைவரோடு ஒரு முறை என்று அவர் ஆரம்பித்தபோது, பின்னால் நின்ற லாரிக்காரர் தலையை நீட்டினார். "அய்யா, மாட்டுக்குப் பொண்ணு பாக்கறீங்களா, இன்னா? சீக்கிரம் முடிங்க!"

திரும்பி வந்ததும் அண்ணி கேட்டார்: "எது நல்ல காள?"

"செவல ஆத்தா வருசம் தப்பாம கன்னு போடுது. இதுவும் சாதுவா இருக்கு. செவலைன்னு தோணுது. ஆனா நம்பிக்க ரொம்ப கம்மி அண்ணி. இதோட பொண்ணுங்க கன்னு போட்டாதான் தெரியும்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று சொல்லி அண்ணி சிரித்தார். வெள்ளை தங்கியது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை கம்மி என்று அவர்தானே சொன்னார்.

இன்னொரு ஞாயிறு. இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே அண்ணி கேட்டார்: "அங்க ஒரு மாடு எவ்ளோ கறக்கும் தம்பி?"

"கறக்க மாட்டாங்க அண்ணி. கன்னே குடிச்சிடும்."

"அப்ப எதுக்கு வளக்கறாங்கோ?"

அண்ணன் இருமினார். அது இருமல் இல்லை, எச்சரிக்கை. எனக்கே புரிந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்ல வராது.

"கறிக்கு அண்ணி."

கரண்டி அப்படியே நின்றது. என் இலையில் ரசம் தேங்காய்த் துவையலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தடுத்து நிறுத்தும் தைரியம் எனக்கு வரவில்லை.

"முப்பது வருசமா அதுக்கா காள பொறுக்கனீங்கோ?"

"ஆமா அண்ணி."

"நீங்க துன்னுருக்கீங்களா?"

"அங்க இருந்தப்ப. இங்க வந்து இல்ல."

வெளியே மாடு ஒன்று மூச்சு விட்டது. முடிந்தது கதை, இனி ஞாயிறும் ரைஸ் குக்கர்தான் என்று நான் என் சுயநலக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி உட்கார்ந்து, கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

"அந்த ஊரு பொழப்பு அது. நம்ம மட்டும் கெழ மாட்ட சந்தைக்கு ஓட்டும்போது காசிக்கா அனுப்பறோம்?" என்றார். "மோர் ஊத்தட்டா, இன்னும் கொஞ்சம் ரசமா?"

அன்று திரும்பும் வழியில் அவர் என் தோளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வழக்கமாக ஒரு கைதான். "அண்ணி ஒண்ணும் சொல்லல பாத்தீங்களா" என்றார் காதோரம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறம்தான் அந்த அறை. தீவனம் போட்டுவைத்திருந்த பக்கத்து அறையை அண்ணி காலி செய்யவைத்தார். வெள்ளையடித்து, ஜன்னல் பெரிதாக்கி, அவருக்கு முழங்கால் மடங்காது என்று உட்காருகிற மாதிரி டாய்லெட் கட்ட ஆளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். எல்லாம் எங்களுக்குத் தெரியாமல். ஒரு ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க தம்பி" என்று கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே கட்டில் ஒன்று, புதுத் தலையணை. சுண்ணாம்பு வாசனை.

இரண்டு வருடமாக அவர் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாசல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"எதுக்கு அங்க ஒண்டியா? இங்கயே வந்துடுங்கோ. ஆனா ஒண்ணு" என்றார் அண்ணி. "வந்தா இங்கயே இருந்துடணும். நடுவுல உட்டுட்டு திரும்பவும் பிளேன் ஏறினா எனக்குத் தாங்காது. இருப்பீங்களா?"

அவர் அறையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு யோசித்தார். அந்த யோசனை எனக்குப் பழக்கம். நாலரை மணியா என்று கேட்டால் வருகிற அதே யோசனை. 'வேண்டாம், வேண்டாம்' என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"இருப்பேன் அண்ணி" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "நூத்துக்கு ஒரு அறுவது."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு முகம் மாறிய விதத்தை நான் எழுதப்போவதில்லை.

"மீதி நாப்பதுக்கு நான் எதுக்கு தம்பி வெள்ளயடிச்சேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்பதுபோல் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார்.

வேங்கிக்கால் வந்ததும் அவரை இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே திட்டினேன். "நூறுன்னு சொன்னா வாய் வெந்துடுமா சார்?"

"எத வச்சி சொல்றது?"

"எதயும் வச்சி இல்ல. சும்மா! ஊர்ல எல்லாரும் சும்மாதாங்க சொல்றாங்க. நான் கல்யாணத்துல சொன்னேன், என் பொண்டாட்டி சொன்னா. பாருங்க, அவ சென்னைல இருக்கா."

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிஜமான குழப்பம் அந்த முகத்தில். "சார், கன்னே பொறக்காத காளை. மயிர மட்டும் சோதிச்சி நம்பர் போடறோம்னு வைங்க. அதுக்கு அறுவது வந்தா எங்க ஆபீஸ்ல கைதட்டுவாங்க. திரும்பி வந்தப்புறம் அந்த வீட்ல நான் ஒரு ராத்திரி தங்கினது கெடையாது. முப்பது வருசமா ஓடிப்போனவன் வேற. அப்படிப்பட்டவனுக்கு அறுவது குடுத்தேன். நான் யாருக்கும் குடுத்ததில்ல. பெருமையாத்தான் சார் சொன்னேன்."

இதை அண்ணிக்கு யார் விளக்குவது? நான் மறுநாளே போனில் முயன்றேன். காளை, மயிர், அறுபது என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அமைதி கெட்டியாகிக்கொண்டே போனது. கடைசியில், "அவரு சொன்னா பரவால்ல, நீங்களும் ஏங்க?" என்று வைத்துவிட்டார். சிரிக்கவைப்பது என் தொழில் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

ஞாயிறு போன் நின்றுபோகவில்லை, இளைத்தது. ஒரு வாரம் வந்தது. அப்புறம் 'வேலை இருக்கு' என்றது. அப்புறம் எப்போதாவது. சனிக்கிழமை நாங்கள் மறுபடி முட்டைகோஸ் வெட்ட ஆரம்பித்தோம். அவர் சதவீதம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். சொல்லவந்ததை நிறுத்தி, வாயை மூடிக்கொள்வார். மழை வருமா என்றால் வானத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அது பழைய தொந்தரவைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் மத்தியானம், வேலை நாள், ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. "சார், வண்டிய எடுங்க. அண்ணிகிட்ட சொல்லணும்."

"என்னன்னு?"

"இருந்துடறேன்னு."

"எவ்ளோ?" என்றேன், விளையாட்டாக.

"அத நீங்க கேக்கக்கூடாது. அண்ணிதான் கேக்கணும். நூறுன்னு சொல்லப்போறேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "இத்தன மாசமா என்னையே பாத்துகிட்டு இருந்தேன் சார். திரும்பிப் போலாம்னு ஒரு நாளும் தோணல. அந்தக் கதவுதான் தோணிச்சி."

அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் அவர் கை என் தோளில் லேசாகத்தான் இருந்தது. அடி அண்ணாமலையில் தெருமுனை திரும்பும்போது மட்டும் தோளை அழுத்தினார்.

அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் வெளிநாட்டுச் செருப்பு ஒன்று. கொடியில் காவி வேட்டியும் ஒரு நீல ஜீன்ஸும் காய்ந்தன. உள்ளேயிருந்து தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, கைகூப்பி, "வணக்கம்" என்று சுத்தமாகச் சொன்னார்.

அண்ணி கொட்டகையிலிருந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது அந்த முகத்தில். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின் அறையைப் பார்த்தார்.

"ஆசிரமத்துக்கு வந்தவரு. செங்கம் ரோட்டுப் பக்கம் ரூமே கெடைக்கலயாம். ஆறு மாசம் இருப்பாராம். சும்மா பூட்டிக் கெடந்துது, அதான்" என்றார்.

"நல்லதாச்சி அண்ணி. காத்தோட்டமா இருக்கும்" என்றார் அவர்.

தாடிக்காரர் எங்களைக் காட்டி, "யாரு?" என்று சைகையோடு கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு தம்பி" என்றார் அண்ணி. "டவுன்ல இருக்காரு. பாத்துட்டுப் போவ வந்துருக்காரு."

அவர் அதற்கும் தலையாட்டினார். இஸ்திரி மடிப்பைத் தடவிக்கொண்டே, அண்ணனின் முட்டி வலியை விசாரித்தார். வெள்ளைக் காளையைப் போய்ப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார். அவர் அந்த அறைப் பக்கம் திரும்பவேயில்லை.

"இருங்க தம்பி, சாப்ட்டுப் போலாம்" என்றார் அண்ணி.

"ஆச்சி அண்ணி. ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுதான் வந்தோம்."

முந்தைய நாள் ராத்திரிக்கு அப்புறம் என் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் வயிற்றிலும் இருந்திருக்காது. நூறைச் சொல்லப்போகிறவர் எங்கே சாப்பிட்டிருக்கப்போகிறார்? அண்ணி வற்புறுத்தவில்லை. டம்ளரில் காபி வந்தது. வழக்கமாக அவருக்குக் கொடுக்கும் பெரிய சொம்பில் இல்லை.

பாதையோரம் ஒரு டிபன் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையாகக் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் இருவர் மட்டும். ஆறிப்போன இட்லி வந்தது. அவர் வேகமாக, குனிந்தபடி சாப்பிட்டார். பாதியில் கை நின்றது.

"அண்ணி வீட்ல இன்னிக்கு கருவாட்டுக் கொழம்பு" என்றார்.

"எவ்ளோ நம்பலாம் சார்?" என்றேன்.

அவர் சாம்பாரை இட்லியின் மேல் ஊற்றிக்கொண்டார். "அதுல சந்தேகமே இல்லீங்க" என்றார். "தெருமுனைலயே தெரிஞ்சிடிச்சி."